ராப்பிலும் நெல் உண்டு, பதர் உண்டு

ராப் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வயதுக்காரர்களில் பலர் காதைப் பொத்திக்கொள்கிறோம். "பாட்டா அது? மூச்சு விடாமல் யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கிறது" என்பார் ஒருவர். "கழுத்தில் தாம்புக்கயிறு மாதிரி சங்கிலி, கையில் நோட்டுக்கட்டு, பின்னால் ஒரு விலையுயர்ந்த கார், அரைகுறை உடுப்பில் நாலு பெண்கள். இதற்கு ஒரு பாட்டு வேறா?" என்பார் இன்னொருவர். இரண்டாமவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மைதான். தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் முன்னால் வந்து நிற்பது அந்த ராப்தான். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு ராப் முழுவதையும் தள்ளி வைப்பது எப்படி இருக்கிறதென்றால், பேருந்து நிலையத்தில் தொங்கும் மலிவுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தமிழில் இலக்கியமே இல்லை என்று சொல்வது போல இருக்கிறது.

நான் பேசப்போவது பிரெஞ்சு ராப்பைப் பற்றி. ராப்பில் இசை கால்வாசி, சொல் முக்கால்வாசி. மொழி தெரியாமல் கேட்டால் கொட்டுச் சத்தம் மட்டுமே காதில் விழும். ஆங்கில ராப் எனக்குப் பாதி புரியாது, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பிரெஞ்சு புரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த உங்களில் பலருக்கும் புரியும். அந்தக் காதை வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாமெல்லாம் ரெசித்தாசியோன் ஒப்பித்து வளர்ந்தவர்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்று லா ஃபோந்தேனின் காக்கையையும் நரியையும் ஒப்பிக்கும்போது, எங்கே மூச்சு விட வேண்டும், சொல்லின் கடைசியில் வரும் ஊமை எழுத்தை எங்கே ஒலிக்க வேண்டும், எங்கே விழுங்க வேண்டும் என்று வாத்தியார் பிரம்போடு நின்று சொல்லிக்கொடுத்தார். அலெக்சாந்த்ரேன் என்றால் 12 அசை, ஆறாவது அசைக்குப் பின் ஒரு நிறுத்தம். நல்ல ராப்காரன் செய்வதும் இதே வேலைதான். அசையை எண்ணுகிறான், நிறுத்தத்தை இடம் மாற்றுகிறான், இயைபை வரியின் கடைசியில் மட்டும் வைக்காமல் நடுவிலும் வைக்கிறான். அவன் பின்னால் பிரம்புக்குப் பதிலாக டிரம் இருக்கிறது.

இந்தக் கலை 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. 1984-லேயே பிரெஞ்சுத் தொலைக்காட்சி தே.எஃப்.1-இல் சித்னி என்ற குவாதலூப் வம்சாவளிக்காரர் வாராவாரம் ஹிப் ஹாப் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். ஆரம்பத்தில் எல்லாம் அமெரிக்கர்களைப் பார்த்துச் செய்ததுதான். அது நிஜமாகவே பிரெஞ்சாக மாறியது 1990, 91-இல். அந்த மாற்றத்தில் எம்.சி. சொலாருக்குப் பெரிய பங்கு உண்டு. தக்காரில் பிறந்தவர், பெற்றோர் சாத் நாட்டவர், வளர்ந்தது பாரீஸின் புறநகரில். 1991-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் பெயரே ஒரு பழமொழியின் திருப்பம். 'காற்றை விதைத்தவன் புயலை அறுப்பான்' என்ற பழமொழி நமக்குப் பள்ளியில் வந்திருக்கிறது. அவர் புயல் என்ற இடத்தில் தாளத்தை வைத்தார். பிரெஞ்சில் 'தாம்பேத்' என்பது 'தாம்போ' ஆயிற்று, அவ்வளவுதான். கெட்ட வார்த்தை கிடையாது, கத்தல் கிடையாது. குரலை உயர்த்தாமல் சொல்லை வைத்து விளையாடுகிற ஒரு மனிதர். ராப் கேட்காதவர்களை முதலில் இவரிடம்தான் அனுப்புவேன்.

அடுத்து மார்செய் நகரத்தின் 'ஐ ஆம்' குழு. 1997-இல் வந்த 'லெகோல் து மிக்ரோ தார்ழான்', அதாவது வெள்ளி மைக்கின் பள்ளி, அவர்களுடைய பெரிய ஆல்பம். அதன் கடைசிப் பாட்டு 'துமேன் செ லுவேன்'. 'நாளை வெகு தூரம்' என்று பொருள் கொள்ளலாம். கிட்டத்தட்ட 9 நிமிடம் ஓடுகிறது. பல்லவி கிடையாது. சூரிக்'ன் முதலில் பாடுகிறார், பிறகு அக்கனாத்தோன். முதல் பகுதியில் பல இடங்களில் ஒரு வரி எந்தச் சொல்லில் முடிகிறதோ அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்தது கிளம்புகிறது. நம் ஆட்களுக்கு இது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை, அந்தாதி! மாடிக் குடியிருப்பின் சிமெண்ட் சுவர், வேலையில்லாத பையன்கள், போதை மருந்து விற்பனை, சிறை, தாயின் கவலை என்று ஒன்று இன்னொன்றின் வாலைக் கடித்துக்கொண்டு போகிறது. வெளியேற வழியில்லாத வாழ்க்கையைச் சொல்ல, முடிவில்லாமல் சுற்றும் யாப்பு. பொருளும் வடிவமும் இப்படிப் பொருந்துவதைத்தானே நாம் கவிதை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

இவ்வளவு நல்ல சரக்கு இருக்கும்போது பதர் எப்படி மேலே வந்தது? இதில் ஒரு சட்டத்தின் கதை இருக்கிறது. ஆங்கிலப் பாட்டு வானொலியை முழுங்கிவிடுகிறது என்று பயந்து, 1994-இல் பிரான்ஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1996 ஜனவரி 1 முதல் வானொலிகள் ஒலிபரப்பும் பாட்டுகளில் குறைந்தது 40 சதவீதம் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும், அதில் பாதி புதியவர்களுடையதாகவோ புதிய பாடல்களாகவோ இருக்க வேண்டும். சட்டம் போட்டவர்கள் மனதில் இருந்தது பழைய ஷான்சோன் மரபு. ஆனால் இளைஞர்களுக்கான வானொலிகளுக்குப் புதிய பிரெஞ்சுப் பாட்டு எங்கே கிடைத்தது? ராப்பில்! ஸ்கைராக் என்ற வானொலி ராப்பையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. அரசாணை ஒன்றுக்காகப் பிறப்பிக்கப்பட்டு வேறொன்றுக்குப் பயன்படுவது, அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்குப் புதிதில்லை.

ராப்பாடகர்களுக்கு இதனால் சோறு கிடைத்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வானொலிக்கு என்று ஓர் அளவு உண்டு. பாட்டு மூன்று, மூன்றரை நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். பல்லவி சீக்கிரம் வர வேண்டும். கேட்பவன் நிலையத்தை மாற்றிவிடக் கூடாது. 9 நிமிட அந்தாதிக்கு அங்கே இடமில்லை. இப்போது இணையத்தில் கேட்கும் காலத்தில் கணக்கு இன்னும் நெருக்கிப் பிடிக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினால் ஒரு எண்ணிக்கை. 9 நிமிடப் பாட்டும் ஒன்று, இரண்டு நிமிடப் பாட்டும் ஒன்று. நான் குமாஸ்தா, கூட்டிப் பார்த்தேன். ஒருவன் அந்த 9 நிமிடத்தில் இரண்டு நிமிடப் பாட்டுகள் நாலு கேட்டுவிடுவான். எழுதுகிறவன் எதை எழுதுவான்? முதல் அரை நிமிடத்தில் கவ்விப் பிடிக்கும் ஒரு கூவல், பிறகு அதே கூவல். காரின் பெயர், கடிகாரத்தின் பெயர், எதிராளிக்கு ஒரு வசை. வசைக்கும் சந்தை உண்டு. 2018 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பூபா, காரீஸ் என்ற இரண்டு நட்சத்திரங்கள் ஆளோடு ஆளாக ஓர்லி விமான நிலையத்துக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். விமானங்கள் தாமதமாயின. நீதிமன்றம் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் கொடுத்தது. இந்தச் சண்டையைப் பற்றித் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர்களுடைய ஒரு வரியாவது தெரிந்திருக்கும்?

இதில் வருத்தம் என்னவென்றால், அந்தப் பூபாவுக்கு எழுதத் தெரியும். 2000-ஆம் ஆண்டில் 'லுனாத்திக்' என்ற இருவர் குழுவில், தங்களுடைய சிறு நிறுவனத்தின் மூலம் அவர் வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்டால் தெரியும், அது இருட்டான, கூர்மையான எழுத்து. திறமை இல்லாதவர்கள்தான் வணிக ராப்புக்குப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். திறமை உள்ளவனுக்கும் சந்தை சுலபமான வேலையைக் கொடுத்து அதிகச் சம்பளம் தருகிறது.

இனி 'சுயேச்சை' என்ற சொல்லுக்கு வருகிறேன். பெரிய கம்பெனியில் சேராதவன் எல்லாம் சுயேச்சைக் கலைஞன், அவன் எழுதுவதெல்லாம் உயர்ந்தது என்று நினைத்தால் அதுவும் ஏமாற்றம்தான். மார்செயின் ழூல் சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறார், விற்பனையிலும் முன்னணியில் இருக்கிறார். மனிதர் எளிமையானவர் என்கிறார்கள், ஆனால் பாட்டில் எனக்குச் சொல் அகப்படவில்லை. சொலார் பெரிய கம்பெனியில் இருந்துகொண்டே நல்லதை எழுதினார். ஆகவே லேபிளைப் பார்த்து நெல்லையும் பதரையும் பிரிக்க முடியாது.

ஆனாலும் சுயேச்சைக்கு ஒரு விலை மதிப்பு உண்டு. அதே சொலாருக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தத் தகராறு வந்து வழக்கு நடந்தது. அவருடைய ஆரம்ப கால ஆல்பங்கள் பல ஆண்டுகள் கடையில் கிடைக்கவில்லை. 2021-இல்தான் முதல் ஆல்பங்கள் மறுபடி வெளிவந்தன. ஒரு தலைமுறையே அவற்றைக் காசு கொடுத்து வாங்க முடியாமல் வளர்ந்தது. எழுதியவன் உயிரோடு இருக்கிறான், எழுத்து பூட்டிக் கிடக்கிறது. சாவி இன்னொருவன் கையில் இருந்தால் இதுதான் நடக்கும்.

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். 'லா ருமேர்' என்றால் வதந்தி. அந்தப் பெயரில் ஒரு குழு. அதில் அமே என்பவர் 2002-இல், ஆல்பத்தோடு வெளியிட்ட சிறு பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். போலீஸ் கையில் இறந்த புறநகர் இளைஞர்களின் சாவுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்பது அதன் சாரம். உள்துறை அமைச்சகம் அவதூறு வழக்குப் போட்டது. அப்போது உள்துறை அமைச்சர் நிக்கோலா சார்க்கோசி. 2004-இல் விடுதலை. மேல்முறையீடு. 2006-இல் விடுதலை. உச்ச நீதிமன்றமான கசாசியோன் 2007-இல் அதை ரத்து செய்தது. 2008-இல் வெர்சாய் நீதிமன்றத்தில் மறுபடி விடுதலை. கடைசியாக 2010-இல் கசாசியோன் அரசுத் தரப்பு முறையீட்டைத் தள்ளியது. எட்டு வருடம்! கோப்பு எப்படி ஒரு மனிதனை அலைக்கழிக்கும் என்று மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் நான். அந்த எட்டு வருடமும் அவர் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. கார், கடிகாரம் என்று பாடியிருந்தால் ஓர் அமைச்சகமும் அவரைத் திரும்பிப் பார்த்திருக்காது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். லெ ஆவ்ர் துறைமுக நகரத்துக்காரர் மெதீன். அந்த ஊரிலேயே இயங்கும் சிறு நிறுவனத்தின் மூலம் வெளியிட்டு வந்தவர். 2006-இல் 'தி-செத் ஒக்தோப்ர்', அக்டோபர் 17, என்ற பாட்டைப் போட்டார். 1961 அக்டோபர் 17 அன்று, அல்ஜீரியர்களுக்கு மட்டும் போடப்பட்ட ஊரடங்கை எதிர்த்துப் பாரீஸில் அல்ஜீரியக் குடும்பங்கள் ஊர்வலம் போயின. போலீஸ் தலைவர் மோரீஸ் பாப்போனின் ஆட்கள் அவர்களை அடித்து நொறுக்கினார்கள். பலரைச் சேன் நதியில் தூக்கிப் போட்டார்கள். அன்று அரசு சொன்ன கணக்கு சில பேர். வரலாற்றாசிரியர்கள் சொல்வது பல பத்துப் பேர், சிலர் 200 என்றும் சொல்கிறார்கள். பிரான்ஸின் குடியரசுத் தலைவர் ஒருவர் அந்த ரத்தக்களரியை வாய் திறந்து ஒப்புக்கொண்டது 2012-இல், பிரான்சுவா ஒல்லாந்த் காலத்தில். ராப் பாட்டு அதற்கு ஆறு வருடம் முந்தியது.

1961-இல் நாம் என்ன படித்துக்கொண்டிருந்தோம்? நதிகளின் பெயரை. சேன், லுவார், கரோன், ரோன். எங்கே உற்பத்தி, எந்த ஊர் வழியாக ஓடுகிறது, எந்தக் கடலில் கலக்கிறது. வரைபடத்தில் நீலப் பென்சிலால் சேன் நதியைக் கோடிழுத்த வயதில்தான் அந்த நதியில் ஆட்கள் மிதந்தார்கள். அந்த அல்ஜீரியப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் நம் ஊர் சொல்தாக்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் பென்ஷன் வாங்கிக்கொண்டு நம் தெருவிலேயே வாழ்ந்து மறைந்தார்கள். ஜூலை 14 அன்று பதக்கங்களோடு வந்து நிற்பார்கள். அங்கே என்ன பார்த்தார்கள் என்று நாமும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பாடப்புத்தகம் சொல்லாததை, தெருக்காரர் சொல்லாததை, லெ ஆவ்ரில் பிறந்த ஓர் அல்ஜீரிய வம்சாவளிப் பையன் அதே பிரெஞ்சு மொழியில் எனக்குச் சொன்னான். மெதீன் பேசுகிற எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை, அவரைச் சுற்றிச் சர்ச்சைகளும் உண்டு. ஆனால் இந்தப் பாட்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இதே வரிசையில் கெரி ஜேம்ஸ் 2012-இல் 'குடியரசுக்கு ஒரு கடிதம்' என்று ஒரு பாட்டு செய்தார். குடியேற்ற நாடுகளிலிருந்து ஆள் கொண்டுவந்து நாட்டைக் கட்டிவிட்டு, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்து ஏன் வந்தாய் என்று கேட்கும் குடியரசிடம் கணக்குக் கேட்கிறார். கயேல் ஃபாய் புருண்டியில் பிறந்தவர், தாய் ருவாண்டாக்காரர், தந்தை பிரெஞ்சுக்காரர். போர் துரத்த, 13 வயதில் பிரான்சுக்கு வந்தவர். லண்டனில் நிதித்துறை வேலையை விட்டுவிட்டு ராப்புக்கு வந்தார். 'பெத்தி பேயி', சின்ன நாடு, என்ற அவருடைய பாட்டு முதலில் வந்தது, அதே பெயரில் நாவல் 2016-இல் வந்து, பள்ளி மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் கோன்கூர் பரிசை வாங்கியது. விட்டு வந்த ஊரை நினைத்துக்கொள்ளும் அந்தக் குரல், வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நம் வீடுகளுக்குப் பழக்கமானதுதான்.

'எல்லாம் சரி, அந்தக் கொச்சை?' என்று கேட்பீர்கள். கொச்சை உண்டு. ஆனால் அதிலும் வகை இருக்கிறது. சொல்லைத் திருப்பிப் போடும் வேர்லான் என்ற பேச்சு புறநகரில் உண்டு. 'ஃபாம்' என்றால் பெண், திருப்பினால் 'மெஃப்'. 'ஃபூ' என்றால் பைத்தியம், திருப்பினால் 'உஃப்'. பெரியவர்களுக்குப் புரியக் கூடாது என்று சிறுவயதில் 'க' சேர்த்துப் பேசினோமே, அதற்கு அண்ணன் தம்பி முறை. பழகினால் காது பிடித்துக்கொள்ளும். மற்றபடி வசையே வேலையாக இருப்பவனை நானும் அணைத்துவிடுவேன். நல்ல கருத்து இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. நீதிநெறியை மேளத்தில் ஏற்றி வாசிக்கும் சலிப்பான ராப்பும் நிறைய இருக்கிறது. கருத்துக்காக அதைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

தமிழில் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அறிவு, ஒஃப்ரோ இருவரும் சேர்ந்து 2019-இல் செய்த 'தெருக்குரல்' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். சினிமாவின் கதாநாயகன் அறிமுகப் பாட்டில் வரும் ராப்புக்கும் அதற்கும் உள்ள தூரம் தானே தெரியும்.

என் கட்சி சுருக்கமாக இதுதான். ஒரு ராப் பாட்டைக் கேட்டதும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இசையை எடுத்துவிட்டுத் தாளில் எழுதினால் படிக்க ஏதாவது மிஞ்சுகிறதா? பாடுகிறவன் தன்னைப் பற்றி மட்டும் சொல்கிறானா, தன் தெருவில் வாயில்லாதவர்களைப் பற்றியும் சொல்கிறானா? இதைச் சொன்னதால் அவனுக்கு ஏதாவது நஷ்டம் வருமா? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் முழுதாகக் கேளுங்கள்.

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சார்செல், கிரெத்தேய் பக்கம் இருக்கிற குடும்பங்கள் நம்மில் ஏராளம். அந்தப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது என்னவென்று நமக்குத் தெரியாது. 'அந்தச் சனியனை நிறுத்து' என்று தாத்தா சொன்னால், பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அதையே கேட்கும். 'சொலார் தெரியுமா? ஐ ஆம் கேட்டிருக்கிறாயா?' என்று கேட்டால் பேச்சு ஆரம்பிக்கும். அவர்களுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறி வருகிறது, நமக்கு அவர்கள் உலகம் தட்டுத்தடுமாறிப் புரிகிறது. நடுவில் இருப்பது பிரெஞ்சு ஒன்றுதான்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் சொலாரின் 1991 ஆல்பம். பிறகு அப்த் அல் மாலிக் 2006-இல் வெளியிட்ட 'ழிப்ரால்தார்'. அதில் ழாக் ப்ரெலின் பழைய பாட்டொன்றை எடுத்து அவர் புதிதாகச் செய்திருப்பார், ப்ரெல் ரசிகர்கள் தயங்காமல் கேட்கலாம். மூன்றாவதாக அந்த 9 நிமிட அந்தாதி. வரிகளை இணையத்தில் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், இல்லையென்றால் வேகத்தில் பாதி தப்பிவிடும். மெதீனின் அக்டோபர் 17-ஐக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்ட பிறகு உங்கள் குடும்பத்துச் சொல்தா யாராவது அல்ஜீரியாவைப் பற்றி எப்போதாவது வாய் திறந்திருந்தால், எனக்கு எழுதுங்கள். அந்தத் தலைமுறையில் இன்னும் மிச்சமிருப்பவர்கள் சிலரே.